கதிர்காமத்து பஸ்சும் கொழுந்து மடுவத்துப் பெட்டியும்

ஐப்பசி 12, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். வாங்க வேண்டியது: விளக்குத் திரி, உளுந்து, சவர்க்காரம். வலது கால் பூட்சுக்கு ஒட்டுப் போட வேண்டும்.

காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு நேரத்தில் ஹட்டன் தொழிற்சங்கத்து ஐயா வந்து பேசினார். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வாக்குப் பெட்டி வைப்பார்களாம். நாம் கையெழுத்துப் போட்டுக் கேட்டபடி, தோட்டத் தலைவரைத் தவணை முடிவதற்குள் இறக்குவதா வேண்டாமா என்று வாக்கு. அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் வந்து போட்டால்தான் செல்லும். குறைந்தால் அவரே இருப்பார், பழையபடி.

அவர் பெயரை இந்தக் கொப்பியில் எழுத மாட்டேன். சாமி மேசையில் வைக்கிற கொப்பி. த. என்றால் போதும்.

தங்கை பார்வதி வீட்டைப் போய்ப் பார்த்தேன். கீழே பணிய லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை. பின்னால் மண்மேடு இன்னும் வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் என் கை முழங்கை வரை போகிறது. மேலே கட்டின புது வீடுகளில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன, சாவி த. கையில். கொழும்பில் இருக்கிற த.வின் சொந்தக்காரர்களுக்காம். மழை முடியும்வரை ஒன்றைக் கொடுங்கள் என்று பார்வதி த.விடம் போய்க் கேட்டிருக்கிறாள்.

"மண்ணு இன்னும் விழலியே புள்ள. விழட்டும், பாப்போம்."

இதுதான் பதில். தாயே மாரியம்மா, அந்த வாய்க்கு... வேண்டாம். இன்றைக்கு விளக்கு வைத்த வீடு.

ஐப்பசி 13, புதன்

கொஞ்சம் வெயில். துணி காய்ந்தது.

நல்ல சேதி. கதிர்காமத்துக்கு பஸ், ஞாயிறு விடியப் புறப்பட்டுத் திங்கள் திரும்பும். காசு இல்லை, த. ஏற்பாடு. என்ன இருந்தாலும் முருகனுக்கென்று செய்கிறாரே என்று மனசு கொஞ்சம் இளகியது. முதல் பேர் நான்தான் கொடுத்தேன். மலையில் கொழுந்து எடுக்கும்போது வாய் ஓயவில்லை. எங்கள் கும்பலில் அத்தனை பொம்பளைகளையும் சேர்த்துவிட்டேன். பார்வதிக்கும் ஒரு சீட். மேடு விழாமல் காப்பாற்று, வருகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருக்கிறாள்.

சாயங்காலம் கடைக்கு. கடைக்கார நானா உளுந்து நிறுத்துக்கொண்டே, கதிர்காமம் எப்போது என்றார். ஞாயிறு என்றேன்.

"பெட்டி வைக்கிறதும் அன்னைக்கித்தானே அக்கா?"

திரியை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஐப்பசி 14, வியாழன்

மழை. முருகனையே தடுப்பாக வைத்துப் பெட்டியைக் காலி பண்ணப் பார்க்கிற ஆள். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவள் நான்.

வேலை விட்டதும் லயம் லயமாகப் போனேன். பஸ் பட்டியலில் பேரை வெட்டுங்கள், இருந்து ஓட்டுப் போடுங்கள் என்று. கிடைத்த பதில்கள்:

மேட்டு லயத்து மாரியாயி: "யாரு தலைவரா வந்தாலும் நம்ம முதுகுல கொழுந்துக் கூடதான அக்கா."

அவள் புருஷன், போடாமல் இருந்தால் யாரோடும் பகை இல்லை என்றான். போடாத ஒவ்வொருவரும் த. பக்கம்தான், பாதி வராவிட்டால் அவருக்குத்தான் வெற்றி என்றேன். வெற்றிலைப் பல்லைக் காட்டிச் சிரிப்பு. சோம்பேறிக்குச் சமாதானம் என்று பேர் வைத்திருக்கிறான்.

எங்கள் கும்பலில் கொழுந்து எடுக்கிற ராசாத்தி, சாமியிடம் போகிறவர்களைத் தடுத்தால் பாவம் என்று எனக்கே சொல்கிறாள். இருபது வருசமாக வெள்ளிக்கிழமை சோறு தொடாத எனக்கு.

பார்வதிதான் மோசம்.

"நேந்துக்கிட்டத மாத்தக் கூடாதுக்கா. ஓட்டு போட்டா மண்ணு நிக்குமா?"

"மண்ண முருகன் பாத்துக்குவாரு. பூட்டுன வீட்ட நாமதான் தொறக்கணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை.

ஐப்பசி 15, வெள்ளி

விரதம். கால் வலி.

கோயிலில் பூசாரி ஐயாவிடம் கேட்டேன். நேர்ந்த இடத்துக்கு உடனே போக முடியாவிட்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோமே, இதற்கும் அது செல்லுமா? செல்லும், ஆனால் பிறகு போகாமல் இருந்துவிடாதீர்கள் என்றார். சாமிக்கே சம்மதம். இனி ராசாத்தி வாய் திறக்கட்டும்.

கடையில் மஞ்சள் துணி வாங்கினேன். கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு நானா கேட்கிறார்: "இவ்வளவா? தோட்டத்துக்கே நேத்தியா?" ஆமாம், தோட்டத்துக்கேதான். இந்த முறை திரி மறக்கவில்லை.

ஐப்பசி 16, சனி

மூடுபனி. பீலிக் குழாயில் தண்ணி கலங்கல்.

துண்டு துண்டாக வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காசு முடிந்து அம்மன் முன்னால் வையுங்கள், தையில் நாமே பஸ் பிடித்துப் போவோம் என்றேன். பாதிப் பேர் முடிந்தார்கள். ஓட்டுப் பூசாரிச்சி வருது என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் சொன்னாள். திரும்பிப்போய் அவள் கையிலும் ஒரு துண்டு.

பார்வதி துணியை வாங்கினாள். காசு முடியவில்லை. நாளைக்குக் கட்டப் பச்சைச் சேலை மடித்து வைத்திருக்கிறாள்.

ஐப்பசி 17, ஞாயிறு

விடியும்போதே பஸ் நின்றது. முன் சீட்டில் த., நெற்றி நிறையச் சந்தனம். ஜன்னலோரம் பார்வதி. என்னைப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. பெற்ற பிள்ளை மாதிரி நான் வளர்த்தவள்.

முதல் ஓட்டு என்னுடையது. பிறகு மடுவத்து வாசலிலேயே நின்றேன். மாரியாயி வந்தாள், புருஷனையும் இழுத்துக்கொண்டு. அவன் சிரிக்கவில்லை இன்றைக்கு. மத்தியானம் ஹட்டன் ஐயா, இன்னும் பாதி வரவில்லை அம்மா என்றார். மழை பிடித்துக்கொண்டது. பணிய லயத்துப் பக்கம்தான் வானம் கறுப்பு. கந்தா, கந்தா என்றே நின்றேன்.

பெட்டியை மூடப்போகிற நேரம். பாதையில் நனைந்துகொண்டு ஒரு கூட்டம், எல்லாம் நல்ல சேலைகள். முன்னால் பச்சைச் சேலை. பஸ்ஸில் த. மைக்கைப் பிடித்து, முருகன் அருளால் பெட்டி இன்றைக்குக் காலி என்று சொன்னாராம். அவருடைய ஆட்கள் கைதட்டினார்களாம்.

"மண்ண காப்பாத்துன்னு நான் கும்புடுற சாமிய, எம் வீட்ட பூட்டி வைக்கவா கூப்புடுறாரு? நிறுத்துன்னு எறங்கிட்டேன்க்கா."

அவள் இறங்கியதும் ராசாத்தி இறங்கியிருக்கிறாள், அப்புறம் மற்றவர்கள். வேறு பஸ் இல்லை, டவுனிலிருந்து மலைப்பாதையில் நாள் முழுக்க நடை. போட்டார்கள். பாதியைத் தாண்டிவிட்டது. எண்ணினார்கள். இறக்கச் சொன்ன ஓட்டே கூடுதல், த.வின் தலைவர் பதவி போனது. புது வீட்டுச் சாவிகள் இனி தோட்டத்துச் சங்கக் கமிட்டிக்கு, முதல் வீடு பார்வதிக்கு என்று அங்கேயே முடிவு. கோயிலில் பார்வதி காசு முடிந்தாள். ஈரக் கை, முடிச்சு விழவில்லை. நான் போட்டுக் கொடுத்தேன்.

ஐப்பசி 18, திங்கள்

மழை விடவில்லை. அரை நாளோடு வேலையை விட்டார்கள். மேட்டிலிருந்து பார்வதி வீட்டுக் குசினிக்குள், அடுப்பு வரை சேறு.

பின்னேரம் பஸ் வந்தது. த.வுக்குப் போனில் எல்லாம் தெரிந்திருக்கும், முகத்தில் ஒன்றுமில்லை. இறங்கி எல்லோருக்கும் விபூதி கொடுத்துக்கொண்டு வந்தார். என் முன்னாலும் நின்றார்.

"எல்லாம் முருகன் செயல்க்கா."

சாமியின் விபூதி, மறுக்க மாட்டேன். வாங்கிப் பூசிக்கொண்டேன். கண்ணை மூடிக் கும்பிட்டேன். பிறகு அதே கையைத் திரும்ப நீட்டினேன்.

"ஆமாங்க. சாவியும் குடுங்க."

எனக்குப் பின்னால் பார்வதி, தலையில் சுருட்டின பாயோடு.