நீ வேண்டாம் என்ற வண்டி

என் சரோஜா அக்காவுக்கு,

நம் கடையில் வண்டி வாங்கும் பேச்சை யார் எடுத்தாலும் நீ பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விடுவாய். "வண்டின்னு ஒன்னு வந்துச்சுன்னா, அப்பாலே ஊடே அதைச் சுத்திக்கினுதான் கிடக்கும்" என்பாய். ஏன் அப்படி நினைத்தாய் என்று உன்னிடம் கேட்டதில்லை. நீ சொன்னால் அதுதான் முடிவு, கேட்கத் தேவையும் வரவில்லை. இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

புத்தூர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நீயும் நானும் சேர்ந்து தொடங்கிய பாத்திர வாடகைக் கடையை நானும் மாமாவும் நடத்திக்கொண்டிருக்கிறோம். அண்டா, குண்டான், நாற்காலி, ஜமுக்காளம் எல்லாம் நீ வைத்த இடத்திலேயே இருக்கின்றன. மாமா, உன் வீட்டுக்காரர், முன்பைவிடக் குறைவாகப் பேசுகிறார், முன்பைவிட அதிகமாகப் பாத்திரம் தேய்க்கிறார். ஒரு கரண்டியை எவ்வளவு நேரம் தேய்க்க முடியும் என்று நீ வந்து பார்க்க வேண்டும்.

ஆனால் சீனு போய்விட்டான். நம் சாமான்களை எப்போதும் ஏற்றிப்போன அதே சீனு. டெம்போவை விற்றுவிட்டு, ஸ்ரீசிட்டி ஃபேக்டரிகளுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்துவிட்டான். "மாசம் பொறந்தா சம்பளம்கா, இன்னா செய்யட்டும்?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல முடியுமா?

அதன்பிறகு நாராயணவனத்தில் ஒரு கல்யாணம். முன்பின் தெரியாத ஒருவனிடம் வண்டி பேசியிருந்தோம். விடியும் முன்னே வரவேண்டியவன், வேறு நல்ல சவாரி கிடைத்ததும் போனை அணைத்துவிட்டான். வெயில் ஏறிய பிறகு இன்னொரு வண்டியைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். சமையல் மாஸ்டர் அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய சின்னக் குண்டான்களில் சாம்பாரைப் பிரித்துப் பிரித்துக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்திருந்தது.

பெண்ணின் அப்பா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "வாம்மா, ஒரு வாய் துன்னுட்டுப் போ" என்றார். அந்த வீட்டின் அடுத்த விசேஷத்துக்குத் திருத்தணியிலிருந்து பாத்திரம் வந்தது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒருமுறை இப்படி நடந்தால் கடையை யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்போதுதான் போனில் அந்தப் படம் கண்ணில் பட்டது. பங்காருபாளையத்தில் ஒரு பழைய டீசல் பிக்கப் விற்பனைக்கு. ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். பின்பக்கம் திறந்த தொட்டி. நம் பெரிய அண்டாக்கள் அத்தனையும் அதில் நிற்கும். புதிது வாங்க நமக்கு வழியில்லை, உனக்கே தெரியும். ஆனால் இவ்வளவு பழையதை வாங்கலாமா? யாரிடம் இருந்தது, எதையெல்லாம் சுமந்தது, ஏன் விற்கிறார்கள்? படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். டிரைவர் பக்கத்து இருக்கையில் பூப்போட்ட புடவை ஒன்று மடித்து விரித்திருந்தது. அது யார் புடவை என்றுகூட எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் நகரிக்குத் தறி வேலைக்குக் கிளம்பிக்கொண்டே "உன் இஷ்டம்" என்றார். மாமாவிடம் காட்டினேன். "உங்கக்கா வோணாம்னு சொல்லிக்கினு இருந்தா" என்றார். திரும்பவும் கரண்டியை எடுத்தார். சற்றுப் பொறுத்து, தலையைத் தூக்காமலே, "பாக்கறதுல இன்னா? பாத்துட்டு வரலாம்" என்றார்.

உன்னைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவர் லாரி ஓட்டியவர் என்பதே எனக்கு மறந்திருந்தது. திருப்பதியில் பஸ் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே அவர் ஆளே மாறிவிட்டார். சந்திரகிரி தாண்டும்போது எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வார்த்தை சொன்னார். "அது இன்ஜின் நல்லா கீது." "இது புகையைப் பாரு, தேறாது." நீ கண்மூடிய பிறகு அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வண்டிக்காரர் பெயர் ரெட்டெப்பா. மாந்தோப்புகளிலிருந்து வேலூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் காய் ஏற்றிப்போய்த் தமிழை நன்றாகப் பழகியவர். அவர் வண்டியைக் காட்டிய விதம்தான் எனக்கு வினோதமாக இருந்தது. விற்கிறவர்கள் குறையை மறைப்பார்கள், இல்லையா? இவர் ஒவ்வொரு குறையாகத் தேடித் தேடிக் காட்டினார்.

"இதோ பாருங்க, துரு. கீழ சேசிஸ்ல வெல்டிங் வச்சிகீது. மூணாவது கியர் சில நேரம் நிக்காது, தானா கழண்டுக்கும். எஃப்.சி.க்குன்னு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனா இன்னா சொல்லுவாங்களோ. உங்களுக்கு எதுக்கம்மா இந்தத் தலைவலி?"

வாசற்படியில் நின்ற அவர் மனைவி மங்கம்மா உடனே குரல் கொடுத்தார். "அவரு பேச்சைக் கேக்காதம்மா! மஞ்சி பண்டி, நல்ல வண்டி. ஒரு நாளும் நடுவழியில நின்னது இல்ல."

"ஏன், பலமநேரு மேட்டுல நிக்கலையா?"

"அது டீசல் போடாம நீ ஓட்டுன. பண்டி இன்னா செய்யும்?"

அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் பானெட்டின் மேல் கை வைத்தேன். சுட்டது. "இப்பதான் எங்கியாவது போய் வந்தீங்களா?" என்று கேட்டேன். "நான் இன்னிக்குத் தொடவே இல்லியே" என்றார் ரெட்டெப்பா. மங்கம்மா வேறு பக்கம் பார்த்தார். நாங்கள் வருகிறோம் என்று பக்கத்து வீட்டுக்காரரை விட்டு அவர்தான் ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று புரிந்தது.

"சூட்டோட கீற டீசல் வண்டி உடனே கிளம்பிடும். ராத்திரி பூரா குளுந்து கிடந்து காலைல எப்படி எழுந்துக்குதுன்னுதான் பாக்கணும்" என்றார் மாமா. நாளைக் காலையில் வருகிறோம், அதுவரை யாரும் சாவி போடக் கூடாது என்று சொன்னோம். "ரேப்பு ரண்டி, நாளைக்கு வாங்க" என்று ரெட்டெப்பா உற்சாகமாக வழியனுப்பினார். நாளைக்கு வர மாட்டோம் என்ற நம்பிக்கை அவருக்கு.

காணிப்பாக்கத்தில் தங்கினோம். சாயங்காலம் குளத்தருகே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டபோதும் என் தலைக்குள் அந்தப் புருஷன் பெண்டாட்டிதான். "நல்ல மனுசன், உள்ளதைச் சொல்றாரு" என்றார் மாமா. "நல்ல மனுசன்தான் மாமா. ஆனா விக்க மனசில்லாத மனுசன்" என்றேன். ஏன் மனசில்லை? அந்த அம்மாவுக்கு ஏன் இத்தனை அவசரம்? நீ கூட இருந்திருந்தால் நாம் இருவரும் இதையே மென்றுகொண்டிருந்திருப்போம்.

மறுநாள் காலை இன்ஜின் சில்லென்று இருந்தது. மாமா சாவியைத் திருகினார். முனகி அணைந்தது. மறுபடியும் அதே. அடுத்த முறை இருமிக்கொண்டே பிடித்துக்கொண்டது. வெள்ளையாக ஒரு புகை எழுந்து தெருவை மறைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ கஷ்டம்!" என்றார் ரெட்டெப்பா. ஆனால் இன்ஜின் பிடித்த நொடியில் அவர் முகத்தில் வந்த பெருமையை நான் பார்த்துவிட்டேன்.

மாமா வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். வெல்டிங் உண்மை, கெட்டியாகத்தான் இருந்தது. துருவும் உண்மை, ஓர் இடத்தில் ஆழமாகவே போயிருந்தது. ஊர் எல்லைவரை ஓட்டினோம், மூன்றாவது கியர் ஒருமுறை கழன்றது. மற்றபடி மேட்டில் மூச்சு வாங்காமல் ஏறியது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அக்கா. ஆளுக்குப் பாதியைச் சொல்லியிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் நேராகவே கேட்டேன். "ஐயா, உங்களுக்கு விக்க இஷ்டம் இல்லியா?"

மங்கம்மாதான் சொன்னார். "சக்கரை வந்து கண்ணைத் துன்னுட்டுதும்மா. இனிமே திரும்பாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பவும் ஓட்டுவாரு. ஹைவேல நின்னுக்கினு இருந்த லாரி இவருக்குத் தெரியல. பக்கத்துல இருந்து நான் கத்தினேன், அதான் உயிரோட கீறோம். வந்தவங்க எல்லாரையும் இப்படியே பேசித் துரத்திட்டாரு."

ரெட்டெப்பா தொட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். "பண்டி போச்சுன்னா காலைல எழுந்து நான் இன்னா செய்யறது, சொல்லு" என்றார். அவர் கேட்டது மனைவியையா, என்னையா என்று தெரியவில்லை.

சித்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடலாம் என்று நால்வரும் அதே வண்டியில் கிளம்பினோம். மாமா ஓட்ட, ரெட்டெப்பா அவர் பக்கத்தில். நானும் மங்கம்மாவும் பின்னால் தொட்டியில் சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டோம். அந்தப் புடவை அவருடையதுதான். மாங்காய்க் காலம் முழுக்க அவரும் கூடவே போவாராம்.

"எங்க அக்கா சொல்லும், வண்டி வந்தா ஊடே அதைச் சுத்திக்கினு கிடக்கும்னு" என்றேன்.

"அவுனும்மா, நெஜம்தான்" என்றார் மங்கம்மா. "பசங்களுக்கு ஜுரம்னாலும் முதல்ல பண்டிக்கு ஆயில் பாத்தோம். ஆனா ஒன்னு. எங்க தெருவுல மத்த பொம்பளைங்க சித்தூரைத் தாண்டினது இல்ல. நான் வேலூரு பாத்தேன், பெங்களூரு பாத்தேன். மெட்ராசுல கடல்ல கால் நனைச்சேன். எல்லாம் இதுமேல குந்திக்கினுதான்." காற்றில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீ அவரைப் பார்த்திருக்க வேண்டும்.

மெக்கானிக் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துரு பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்தால் இந்த எஃப்.சி. கிடைத்துவிடும், அதற்கடுத்தது தன் கையில் இல்லை என்றார். வாங்கலாமா என்று கேட்டேன். "எடுத்தா எடுக்கலாம். வேணாம்னா விட்டுடலாம்" என்றார். அதற்காகவா அவ்வளவு தூரம் போனோம்?

மாமா என்னைப் பார்த்தார். "உங்கக்கா..." என்று தொடங்கினார்.

"அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன் மாமா" என்றேன்.

இதோ, சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தத் துருவை நம்பியோ இன்ஜினை நம்பியோ நான் முடிவெடுக்கவில்லை. நாராயணவனத்துச் சமையல்கட்டு ஒரு பக்கம் இருந்தது. இன்னொரு பக்கம், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மாமாவின் முகம். அந்த முகத்தைத் திரும்பவும் கரண்டி தேய்க்க அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எடுத்துக்கொள்கிறோம் என்றதும் ரெட்டெப்பா, "யாரு ஓட்டுவாங்க?" என்று கேட்டார். "இப்போ எங்க மாமா. கத்துக்கினா நானும்தான்" என்றேன். உடனே கியர் தடியைப் பிடித்துக் காட்டத் தொடங்கிவிட்டார். "மூணாவதைப் போட்டுட்டு ஒரு செகண்டு கையை எடுக்காத. வெடுக்குன்னு விட்டா கோவிச்சுக்கும். காலைல சாவி போட்டதும் திருகாத, கொஞ்சம் நிதானமா." அதுவரை குறை குறையாகச் சொன்ன மனிதர், அதன் பிறகு ஒரு குறைகூடச் சொல்லவில்லை. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுக் கிளம்பும்போது மங்கம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பேர் மாற்றி, தகடு வைத்து, பேப்பர் எல்லாம் சரிசெய்து வண்டியைப் புத்தூருக்கு ஓட்டிவந்த அன்று, திருப்பதி தாண்டியதும் மாமா தானாகவே பேசினார். "உங்கக்கா ஏன் வண்டி வோணாம்னா, தெரியுமா? கல்யாணம் ஆன புதுசுல நான் லாரியில போனா எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. வாசல்லயே நின்னுக்கினு இருப்பா. அதுக்குத்தான் லாரியை உட்டேன். மறுபடியும் வண்டி வந்தா நான் ஊட்ல தங்க மாட்டேன்னு அவளுக்கு பயம்."

அப்படியா அக்கா? கணக்குப் பார்த்து நீ வேண்டாம் என்கிறாய் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் சொல்வது சரிதானா, இல்லை அவருக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடித்திருக்கிறதா? உன் பக்கத்தை யாரிடம் கேட்பது?

ஆவணியின் முதல் கல்யாணத்துக்குச் சமையல்காரருக்கு முன்பே நம் அண்டாக்கள் போய் இறங்கின. அதற்கடுத்த வாரம் கார்வேட்டிநகரத்தில் பேட்டரி போய், மாப்பிள்ளை வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ரெட்டெப்பா அடிக்கடி போன் செய்து "எப்பிடி கீது?" என்கிறார், வண்டியைத்தான் கேட்கிறார். மாமா விடிந்ததும் முதலில் ஆயில் பார்க்கிறார், பிறகுதான் பல் விளக்குகிறார். நீ சொன்னபடியே வீடு அதைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். ஓட்டக் கற்றுக்கொள்ள எல்.எல்.ஆர். எடுத்துவிட்டேன். நேற்று பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு சுற்றுச் சுற்றினேன், வண்டி ஒருமுறைகூட அணைந்து நிற்கவில்லை. லைசன்ஸ் கைக்கு வந்ததும் தூரத்துச் சவாரிகள் எல்லாம் என்னுடையவை. மாமாவுக்குப் பக்கத்து ஊர்கள் போதும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் வீட்டில் இருப்பார்.

உன் கூடப் பிறந்தவள்,
தேவகி