மஞ்சுளாவின் சட்ஜம்

6 ஜூலை 2025, ஞாயிறு

அம்மா போனில் சித்தியிடம் சொல்கிறாள்: “அவ வூட்ல ஒக்காந்து பாட்ட டைப் அடிக்கிறா.” இதைவிடச் சரியாக யாரும் என் வேலையைச் சொன்னதில்லை. லிலிபாண்ட் என்ற மென்பொருளில் ஸ்வரங்களை எழுத்துகளாகத் தட்டினால், வயலின்காரர்கள் வாசிக்கும் ஐந்து கோட்டுத் தாளாக வரும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மஞ்சுளா வந்தாள். பாண்டியில் ஒரு இசைக்குழு வருகிற ஞாயிறு ஒரு பாடகியைத் தேர்ந்தெடுக்கிறதாம். சொந்தப் பாட்டு வேண்டும், வாசிப்பவர்களுக்குத் தாளும் வேண்டும். திருபுவனைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவள் கட்டிய பாட்டு இருக்கிறது.

“எனக்கு ச ரி க ம தான் தெரியும். அவுங்களுக்குக் கோடுதான் தெரியும். ரெண்டையும் ஒரே தாள்ல போட்டுக் குடுடி.”

அவள் பாடினாள், நான் தட்டினேன்.

9 ஜூலை, புதன்

அதற்கென்று மென்பொருளில் எதுவும் இல்லை. நானே ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு குட்டி நிரல், எழுதினேன்: ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே அதன் தமிழ் எழுத்து. வரிசையாக வந்து நின்றதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மஞ்சுளாவுக்கு ஐந்து கட்டை. பாட்டை அந்தச் சுருதிக்கு ஏற்றி, எழுத்துகளைப் போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பியாயிற்று.

10 ஜூலை, வியாழன்

ஷிஃப்ட் முடிந்து நேரே இங்கே வந்தாள். கண் சிவந்திருந்தது.

“பாட்டு ச-வுலதான ஆரம்பிக்குது? தாள்ல ப-ன்னு கீது. பாத்துப் பாடனா தொண்ட கிழியுது. கம்ப்யூட்டர் தப்பாவா போடும்? இத்தினி நாளா நான்தான் தப்பா பாடிகினு இருந்திருக்கேன். நான் போவலடி.”

“தப்பு என்து மஞ்சு.”

“சும்மா சொல்லாத.” போய்விட்டாள்.

ஃபங்ஷனில் ஒன்றாம் கட்டைதான் எப்போதும் ச என்று எழுதி வைத்திருக்கிறேன். பாடுகிறவரோடு ச-வும் நகரும் என்பது இங்கே பாட்டு கற்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எப்படி மறந்தேன்? ஒரு தாளைப் பார்த்துத் தன் காதையே சந்தேகப்படுகிறாள் — அச்சில் வந்தால் நானும் அப்படித்தானே? எத்தனை புத்தகங்களுக்குத் தலையாட்டியிருக்கிறேன்!

11 ஜூலை, வெள்ளி

இந்த மென்பொருள்காரர்களின் மின்னஞ்சல் குழுவில் பல வருடமாகப் படிக்க மட்டுமே செய்தேன். இன்று முதல் முறையாக, பாட்டையும் இணைத்துக் கேட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

சோறு வடிப்பதற்குள் பதில். ‘முதலில் எழுத்தைப் போடுங்கள், பிறகு சுருதியை ஏற்றுங்கள். ஒட்டிய எழுத்து மாறாது.’ ஒரே வரியில் இரண்டு சொற்களை முன்பின்னாக்கினேன். அவ்வளவுதான்! கடைசியில் ஒரு வரி: ‘வாசித்துப் பார்த்தேன். அழகான பாட்டு.’

புதுத் தாளோடு மஞ்சுளா வீட்டுக்கு ஓடி, அந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன்.

“அவுரு இன்னா, தமிழா?”

“இல்ல. எந்த நாடோ.”

“அப்ப என்னைய எதுக்கு ஐஸ் வெக்கணும்?”

தாளைப் பிடுங்கி முதல் வரியைப் பாடினாள். “இதான்டி. இங்கதான் ச.”

முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

13 ஜூலை, ஞாயிறு

மஞ்சுளாவுக்கு ஜலதோஷம். அங்கே போய் நின்றபின், “அஞ்சு ஏறாது, நாலு கட்டதான்” என்கிறாள். வயலினும் செல்லோவும் கையிலிருந்த தாளைப் பார்த்து விழித்தன. நான் மடிக்கணினியை அவர்கள் முன்னால் திறந்து வைத்து ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன். கோடுகளில் எல்லாம் ஒரு படி இறங்கியது. கீழே அவளுடைய எழுத்துகள் அசையவில்லை.

“ஏய், என்து அப்டியே கீது!” என்று எல்லார் முன்னாலும் கத்தினாள். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் பாட ஆரம்பித்தாள்.

சொல்லியனுப்புவார்களாம்.

14 ஜூலை, திங்கள்

செய்தி இல்லை. அந்த ஃபங்ஷனைக் குழுவுக்கு அனுப்பினேன், என் பெயரோடு. யாருக்காவது உதவும்.

21 ஜூலை, திங்கள்

மஞ்சுளா சூப்பர்வைசரிடம் இனி ஞாயிறு ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

“ஏம்மா?”

“ரிகர்சல் சார்.”

“இன்னா ரிகர்சல், கல்யாணத்துக்கா?”

இதை நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஒரு புதுப் பாட்டைத் தொடங்கினாள். “இருடி, இருடி” என்கிறேன். நிறுத்தினால்தானே?