கேரம் பலகையில் தேய்த்த மெழுகு

தை மாதம், வெள்ளி இரவு

மெழுகு தேய்த்தால் மேசை இழுப்பறை ஏன் வழுக்குகிறது என்று முன்பு வகுப்பில் ஒரு பையன் கேட்டான். மேடு பள்ளம் போகப் பரம்படித்த வயலை உதாரணம் காட்டி விளக்கினேன். அந்தத் தைரியத்தில்தான் படிப்பகத்துக் கேரம் பலகையை வீட்டுக்கு எடுத்து வந்து, கிறிஸ்துமஸில் மிஞ்சிய மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன்.

கூலிப் பேச்சு ஒருவழியாகப் படிந்து, மிராசுதார் தெருவாரும் கூலிக்காரர் தெருவாரும் முதன்முதலாக ஒரே பலகையில் ஆட இருந்தார்கள். இன்று மாலை கூலிக்காரர் தெரு வீரையன் என் வீட்டிலிருந்து பலகையைப் படிப்பகத்துக்குத் தூக்கி வந்தார். பவுடர் போட்டதும் மெழுகில் அப்பிக்கொண்டது. காய்கள் பாதியிலேயே நின்றன.

மிராசுதார் மருமகன் சீறினான். “வீரையா, நீதானே தூக்கிட்டு வந்தே? தோத்துருவோம்னு வழியில எதைடா தடவுனே?”

“எங்க வீட்டுல தலைக்குத் தடவவே எண்ணெய் இல்லீங்க” என்று சிரித்த வீரையன் என் பக்கம் திரும்பினார். “வாத்தியாரய்யா, நீங்களே சொல்லுங்க.”

“துடைச்சுப் பார்ப்போம்” என்றேன். நான் தேய்த்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் சந்தேகப்படுவதாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வீரையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவர் தெருக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் போய்விட்டார்கள். திங்கட்கிழமை கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வருவார்களா, தெரியவில்லை.

பலகையின் மேல் செய்தித்தாளை விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் மெழுகு காகிதத்தில் ஏறிவிடும். அது பிறகு ஆகட்டும். விடிந்ததும் வீரையன் தெருவுக்குப் போய், நாலு பேர் காதில் விழும்படி, நான்தான் தேய்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும்.