மாமா புனல் என்று சொன்ன கிண்ணம்

அன்பு மகளுக்கு,

இங்கே நான் நலம், உன் மரக் கடைசல் லேத்தும் நலம். உன் அம்மாவும் நலம்தான், ஆனால் என்னோடு பேசுவதில்லை, தட்டை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, நேராகவே சொல்கிறேன். உன் மாமாவை அவர் மரக்கடையிலேயே வைத்து மூக்கை உடைத்துவிட்டேன். நினைக்க நினைக்க இனிக்கிறது.

லேத்தை விற்றுவிடுங்கள், பெட்டியில் கிடக்கிற என் மரக்கிண்ணங்களை எரித்துவிடுங்கள் என்று போனில் சொன்னாய், நானும் சரி என்றேன். இரண்டையும் செய்யவில்லை. ஒன்று கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போட என்னால் முடியாது, ஃபேக்டரியில் அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். அதோடு மாமா கடையைப் புதுப்பித்த அன்றைக்கு நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. அடியில் ஓட்டை விழுந்த உன் கிண்ணத்தை மாமா கண்ணில் வைத்து, அதன் வழியாக வந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து, என் மருமக புனல் கடைஞ்சிருக்கா, எண்ணெய் ஊத்த ஆகும் என்றாரே. எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவில்லை. அதற்குப் பிறகு நீ உளியைத் தொடவில்லை, கிடைத்த கணக்கு வேலைக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

எல்லாவற்றையும் ஷெட் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஓட்டை உன் தப்பு, ஆழத்தை அளக்காமல் தோண்டிக்கொண்டே போயிருக்கிறாய். விளிம்பு பிய்ந்ததும் உன் தப்பு, மழுங்கின உளி மரத்தில் மாட்டியிருக்கிறது. இதற்கெல்லாம் வேறு யாரையும் சொல்லாதே. ஆனால் மற்றவையெல்லாம் ஒரே மாதிரி விளிம்பிலிருந்து உள்ளே வெடித்திருக்கின்றன, வட்டமெல்லாம் முட்டை வடிவமாகிவிட்டது. அது கை செய்கிற வேலை இல்லை, தண்ணீர் செய்கிற வேலை. நீ கடைய மாமா கொடுத்த மரத்தில் மிச்சமிருந்த கட்டை ஒன்றை இரண்டாக அறுத்து, ஈரம் பார்க்கிற மீட்டரை நடுவில் குத்தினேன். உள்ளே பச்சை, ஈரம் காயவே இல்லை. நல்லாக் காஞ்ச மரம்மா, உனக்காகவே எடுத்து வச்சேன் என்று சொல்லி, விற்காத பச்சைக் கட்டையை உன் தலையில் கட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஓட்டையைச் சுத்தமான வட்டமாகப் பெரிதாக்கி, பழைய நாற்காலிக் காலின் கறுப்பு மரத்தில் ஒரு தக்கை கடைந்து பசை போட்டுத் தட்டி இறக்கினேன். முதல் தக்கை தொளதொளவென்று ஆடியது, அடுத்தது உள்ளேயே போகவில்லை, பொண்ணு கெடுத்தது போதாதுன்னு அப்பாவும் ஆரம்பிச்சாச்சா என்றாள் உன் அம்மா, அப்போது பேசிக்கொண்டுதான் இருந்தாள். வெடிப்புகளில் காப்பித்தூளைப் பசையில் குழைத்து அடைத்து உப்புத்தாள் போட்டேன், கறுப்புக் கோடு இழுத்த மாதிரி வந்தது. பிய்ந்த விளிம்பை அறுத்து எடுத்ததும் அந்தக் கிண்ணம் அழகான தட்டாகிவிட்டது.

கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்து, தக்கை வைத்த கிண்ணத்தை மாமாவின் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். எடுத்தார், திருப்பினார், தடவினார். எங்க வாங்கினீங்க மாப்பிள்ளை என்றார். பக்கத்தில் நின்ற தச்சரிடம், இந்த அடிப்பக்கத்தைப் பாருங்க, இது பழகின கை என்றார். செஞ்சவரு என் கடைக்கும் செஞ்சு தருவாரா என்றார். புகழ்ந்து முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு சொன்னேன், மச்சான், இது நீங்க கண்ணுல வச்சுப் பார்த்த புனல். தச்சர் சிரித்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. காய்ந்தது என்று எழுதி வைத்த அடுக்கில் மீட்டரைக் குத்தி ஈர அளவை எல்லோருக்கும் காட்டினேன். தச்சர் எடுத்து வைத்திருந்த கட்டைகளைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போய்விட்டார். குடும்பத்துக்குள்ள இப்படியா மாப்பிள்ளை என்றார் மாமா. நாலு பேர் முன்னாடி செய்யணும்னு நீங்கதானே கத்துக்குடுத்தீங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கண்ணன் தலை குனிஞ்சதுல உங்களுக்கு என்ன சந்தோஷம் என்று உன் அம்மா கேட்டாள். நிறைய என்றேன். அன்றிலிருந்துதான் இந்தத் தட்டுச் சத்தம்.

நேற்று மாமா வீட்டுக்கே வந்து, கடைக்குக் கிண்ணம் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். உனக்குப் போன் செய்வார். உடனே எடுக்காதே, கொஞ்சம் அடிக்கட்டும். எடுத்தால் என்ன சொல்வது என்பது உன் இஷ்டம். ஒன்று மட்டும் கேள். நானும் புதிதாக ஒரு கிண்ணம் கடைந்து பார்த்தேன், உன் வளைவு என் கைக்கு வரவில்லை, எனக்கு ஒட்டுப் போடத்தான் தெரிகிறது. லேத்தை விற்கத்தான் வேண்டும் என்றால் விற்றுவிடுகிறேன், வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் நீ இதுவரை கடைந்ததெல்லாம் பச்சை மரம். லீவில் வந்து காய்ந்த கட்டை ஒன்றைக் கடைந்துவிட்டு, பிறகு என் முகத்தைப் பார்த்து விற்கச் சொல்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். கண் பரிசோதனைக்குப் போகச் சொன்னேனே, இந்த வாரமே போ.

உன் அப்பா