மூடி போட்ட வாளி

நீ போன பிறகு முதல் தடவையாக, இன்று காலை தண்ணீர் கொட்டும் பீலியடியில் உன் வீட்டுக்காரி கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபமும் வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு வந்துவிட்டதே, என்ன செய்ய?

தேயிலைத் தோட்டத்துக் குளத்தை நாம் இருவரும் தோட்டத் துரையிடம் மீன் வளர்க்கக் கேட்டு வாங்கிய அன்று, எல்லார் முன்னாலும் நீ மார்தட்டினாய். "மீன வளர்க்க மீனையே அரைச்சுப் போடுறதா? சோயாவும் புண்ணாக்கும் போட்டே வளர்த்துக் காட்டுறேன். ஒரு பொட்டு மீன் சேக்க மாட்டேன்!"

கெண்டைகளுக்கு உன் சபதம் தெரியவில்லை. உருண்டையை வாயில் வாங்கி உடனே துப்பின. சோயாவை வறுத்தோம், அவித்தோம். தொழிற்சாலையில் இருபது வருஷம் தேயிலை மணம் பார்த்த மூக்கு உன்னுடையது. மோந்து பார்த்து, "பச்ச வாட இன்னும் போகல மச்சான்" என்பாய். மறுபடி வறுப்போம். மறுபடியும் துப்பும்.

பிறகு ஒரு நாள் முண்டியடித்துக்கொண்டு தின்றன. என்ன சேர்த்தாய் என்று கேட்டால், "கைப்பக்குவம்டா" என்று சிரித்தாய். அதிலிருந்து வீட்டிலேயே பிசைந்து, மூடி போட்ட வாளியில்தான் கொண்டுவருவாய்.

நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய் மூன்று மாதம். நான் ஒருத்தனாக மாரடிக்கிறேன். வெந்தயம், பூண்டு, கருப்பட்டி, மஸ்கெலியா கடைத்தெருவில் கிடைத்ததையெல்லாம் கலந்து பார்த்துவிட்டேன். மீன்கள் தலை பெருத்து உடம்பு வற்றிக் கிடக்கின்றன. இந்த மாதமும் தேறாவிட்டால் குளத்தை விட்டுவிடச் சொல்லிவிட்டார் துரை.

இன்று உன் வீட்டுக்காரி என்னை நிமிர்ந்து பார்த்து, "வாளி கொண்டாரலியா அண்ணே?" என்றாள்.

"எதுக்கு?"

"இந்தத் தண்ணிக்குத்தான். ஒங்க கூட்டாளி ஒரு சொட்டு கீழ ஊத்த விடமாட்டாரே. இதுலதானே மாவப் பெசைவாரு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

அட பாவி! ஊர் சிரிக்கும் என்று ஊருக்கு மறைத்தாய், சரி. எனக்குமா? மூன்று மாதம்டா! உன் பேச்சை நம்பி, கருவாட்டுப் பக்கமே போகாமல் கிடந்தேன். நீ இருந்திருந்தால் அங்கேயே நாலு கொடுத்திருப்பேன். இல்லையே நீ.

மத்தியானம் அந்தத் தண்ணீரில் பிசைந்து போட்டேன். ஒன்றுகூடத் துப்பவில்லை. கரையில் நின்ற கங்காணி வாய் பிளந்தார். "என்னப்பா போட்ட? அவன் சொன்ன சோயாவேதானா? மீன் எதுவும் சேக்கலியே?"

"அவன் சொன்னபடியேதாங்க" என்றேன். வாளியை மூடி எடுத்துக்கொண்டு நடந்தேன்.