பல்லில் படிந்தது

அன்புள்ள அக்கா,

கள்ளக்குறிச்சியில் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்ததும் கிராம்பு எண்ணெயின் வாசனை எழுந்தது. உங்கள் கடைவாய்ப்பல் வலித்த நாள்களில் நம் சமையலறையில் நிறைந்திருந்த அதே வாசனை. அண்ணனுக்கும் தம்பிக்குமாக வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். என் கண் கலங்கியதை வலி என்று அந்த மருத்துவர் எண்ணிக்கொண்டார்.

மேல்வரிசையில் இறுகியிருந்த காரையைச் சுரண்டியபடியே சொன்னார்: "கொரோனா காலத்துல இந்தப் பல்லழுக்குலகூட அந்தக் கிருமியோட தடத்தைப் பாத்திருக்காங்கம்மா."

வாயில் கருவி இருந்தமையால் என்னால் எதுவும் கேட்க இயலவில்லை. நினைவு மட்டும் கச்சிராயபாளையத்தில் நம் வீட்டுக்குப் போய்விட்டது.

விடியலில் பால் கறந்து திரும்பும்போது ஒரு கையில் பால்குவளை இருக்க, மறு கையால் வேப்பங்குச்சி ஒடிப்பீர்கள். அதைப் பல்லால் கடித்து இரண்டாக்கிப் பாதியை எனக்கு நீட்டுவீர்கள்.

"எச்சில் பொருளைப் பிறருக்கு வழங்குதல் முறையன்று" என்றேன் ஒருநாள்.

"இன்னாடி, பேப்பரு படிக்கிற மாதிரியே பேசிக்கினு கீற? புடி. பெரிய கலெக்டரு இவ."

வாங்கிக்கொண்டேன். பிறகு ஒருநாளும் மறுத்ததில்லை. ஒரே வாரத்தில் இருவருக்கும் காய்ச்சல் கண்டபோதும் மறுக்கவில்லை. "வாயெல்லாம் கசக்குதுடி. பல்லு வெளக்குனாதான் கஞ்சி எறங்கும்" என்று கடித்து நீட்டினீர்கள்.

நான் பிழைத்தேன். உங்களை முகம் காட்டாமல் பொதிந்து கொண்டுவந்தார்கள்.

காரியம் முடிந்தபின் உங்கள் மகள் கேட்டாள்: "சித்தி, மொதல்ல இருமுனது நீங்களா, அம்மாவா?" எனக்கு நினைவில்லை என்றேன். அது உண்மை. அவள் நம்பினாளா என்பதை அறியேன். இப்போது வெள்ளிமலையில் வேலை பார்க்கிறாள். ஊருக்கு வந்தால் என் கையால் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறாள்.

வாய் கொப்பளித்ததும் மருத்துவரிடம் கேட்டேன்: "ஒரே குச்சியை இருவர் கடித்திருந்தால், நோய் யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை இனி அறிய இயலுமா?"

"முடியாதும்மா. ஒரே வீட்டுல இருந்தா மூச்சுக்காத்தே போதும். குச்சியாலதான்னுகூட சொல்ல முடியாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"பொது அறிவுக்காக" என்றேன்.

கீழ்வரிசையை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். நான் போகவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்தக் கிருமி பல்லில் தங்கியிராது என்பதை அறிவேன். ஆயினும் நாம் ஒரே குச்சியைக் கடித்த நாள்களிலிருந்து படிந்துவரும் காரை அங்கே இருக்கிறது. உங்களிடமிருந்து எனக்கு வந்ததோ, என்னிடமிருந்து உங்களுக்குப் போனதோ, அதைச் சுரண்டி நீரில் கழுவிவிட மனம் ஒப்பவில்லை. நாவால் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அக்கா.