"வீட்டுக்கு வரேன்" என்னும் புள்ளி

3 மார்ச், செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. வாங்க வேண்டியது: காய்ந்த மிளகாய், நெத்திலி, பெரிய அட்டைப்பெட்டி இரண்டு.

பின்னறையில் இவருடைய ரேடியோ சாமான்களைக் கட்ட உட்கார்ந்தேன். கணினியைப் போட்டதும் இவர் எப்போதும் பார்க்கும் வரைபடம் திறந்தது. அதில் இவருடைய அழைப்புக்குறி, ரேடியோக்காரர்களுக்குப் பெயர்போல் அரசு தரும் எழுத்தும் எண்ணும். பாசிர் கூடாங் சாலையில் நகர்கிறது.

இவர் போய்ச் சேர்ந்து நாலு மாதம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பிறகுதான் புத்தியில் பட்டது. போன மாதம் காரை விற்றோம். உள்ளே இவர் மாட்டிய பெட்டியை யாரும் கழற்றவில்லை. எஞ்சின் ஓடினால் போதும், கார் இருக்கும் இடத்தை அது ரேடியோவில் சொல்லும். வழியில் உள்ள நிலையங்கள் கேட்டுக் கடத்தும். வரைபடத்தில் ஒரு புள்ளி விழும், கூடவே இவர் எழுதிவைத்த வரி: "வீட்டுக்கு வரேன்."

வேலைக்குப் போகும்போதும் அதே வரிதான். புள்ளி மட்டும் வைக்கிறீர்களே, கோலம் எப்போது என்று கேலி செய்வேன். "எங்க போனாலும் கடைசியில வீட்டுக்குத்தானே லா" என்பார்.

4 மார்ச், புதன்

வெயில். காரை வாங்கியவருக்கும் இவரைப் போலவே பாசிர் கூடாங்கில்தான் வேலை போல. அதே சாலை. மாலையில் தம்போய்க்கு, நம் வீட்டுப் பக்கம், திரும்பும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் மாசாயிலேயே நின்றுவிட்டது. ஒரு புள்ளிமேல் கோபம், இந்த வயதில்.

சிங்கப்பூரிலிருந்து மகள் கவிதா போன். கிரில் கதவைப் பூட்டியாச்சா என்று கேட்டாள். பூட்டியாச்சு என்றேன். பொய். கல்யாணமான நாளிலிருந்து இவர் வந்த பிறகுதான் பூட்டுவேன். அன்று வேலையிடத்திலேயே மாரடைப்பு. உடலைத்தான் வேனில் கொண்டுவந்தார்கள். அது வந்த கணக்கில் சேராது.

7 மார்ச், சனி

புள்ளி வடக்கே போகிறது. பெக்கோக் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்குள் காணாமல் போனது. கேட்டுக் கடத்த அங்கே நிலையம் இல்லை, தெரியும். தெரிந்தும் மத்தியானம் முழுக்க வாசலுக்கும் கணினிக்கும் நடந்தேன். குழம்பு அடிப்பிடித்தது.

8 மார்ச், ஞாயிறு

மணியம் அண்ணன் வந்தார். இவருடைய ரேடியோக் கூட்டாளி. அவரும் புள்ளியைப் பார்த்திருக்கிறார். இறந்தவர் அழைப்புக்குறி ஒலிபரப்பில் ஓடக்கூடாதாம். காரை விற்றுக்கொடுத்த தரகரிடம் கேட்டு, கார் வாங்கிய சரவணனையும் பிடித்துவிட்டார். நாளைக்கே பட்டறையில் கழற்றிவிடலாம் என்றார்.

தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பட்டறையில வேணாண்ணே. இங்க கொண்டாந்து கழட்டச் சொல்லுங்க. நம்ம வாசல்ல."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

9 மார்ச், திங்கள்

புழுக்கம். வீடு கூட்டி, வாசல் கழுவினேன்.

இவர் ரேடியோவை மறுபடி மாட்டிப் போட்டுவைத்தேன். கார் நம் வட்டாரத்துக்குள் வந்தால்தான் அதற்குக் கேட்கும்.

மாலை. பாசிர் கூடாங்கில் புள்ளி புறப்பட்டது. மாசாயில் நிற்கவில்லை. தெப்ராவ். தம்போய்த் திருப்பம். பின்னறையில் ரேடியோ கீச்சென்றது. வீட்டுக்கு வரேன். எழுந்து கண்ணாடியில் முடியை ஒதுக்கிக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சரவணன் சின்ன வயசு. யூனிஃபார்மோடு வந்திருந்தார். "உங்க வீட்டுக்காரர் காரை நல்லா வச்சிருந்தாரு ஆண்டி" என்றார். மணியம் அண்ணன் குனிந்து ஒயரைப் பிடுங்கிப் பெட்டியை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது.

கார் திரும்பிப் போனது. தெருமுனை வரை சத்தம் கேட்டது. வரைபடத்தில் எதுவும் போகவில்லை. புள்ளி நம் வீட்டின்மேல்.

கிரில்லைப் பூட்டினேன்.